சனிக்கிழமை மட்டும் பேசுகிறவள்

ஜூன் 12, வியாழன்

பள்ளி திறந்து இரண்டாவது வாரத்திலேயே கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் வகுப்புக்குக் கோமதி மிஸ். நல்ல மாதிரிதான் தெரிகிறது.

"நிதன்யா வீட்ல பேசுவாளாங்க?"

"வாய் ஓயாதுங்க மிஸ்."

"இங்க ஒரு வார்த்தை வரலீங்க. அட்டெண்டன்ஸ் எடுத்தாக்கூட கையைத்தான் தூக்குறா. எல்கேஜியில இருந்தே இப்படித்தானாமா?"

வீட்டில் பேசுவாள் என்றது பொய் இல்லை. குளிக்கும்போது வாளியோடு பேசுவாள். செருப்புப் போடும்போது செருப்போடு. ஸ்கூட்டியில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கரூர் பஸ் ஸ்டாண்டு வரை பேசிக்கொண்டே வருவாள். பள்ளி கேட்டைத் தாண்டினால் அவ்வளவுதான், தண்ணீர்க் குழாயை மூடின மாதிரி.

பிரின்சிபால் சார் சுற்றி வளைக்கவில்லை. "இந்த வருசம் வாசிப்புக்குத் தனியா மார்க் இருக்குதுங்க. வாயே திறக்கலைன்னா நாங்க எதைப் பார்த்துப் போடறது? வேற ஸ்கூல் பார்க்கற மாதிரி ஆயிடும். இப்பவே சொல்லிட்டனுங்க."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் நாள் முழுக்க இரும்புச் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் யாரும் பேசாமல் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறதோ என்னவோ. "பேசுவா, விடு பூர்ணி" என்று சோற்றைப் பிசைந்தார்.

அவர் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. போனில், "எம்.எஸ்ஸி. படிச்ச மருமவள்னு ஊரெல்லாம் சொன்னேன். பேத்தி வாயத் தொறக்க மாட்டேங்குறாளாமா" என்றார். நான் அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாளையிலிருந்து சாயங்காலம் உட்கார வைக்கப் போகிறேன். வாசிப்பு, வாய்ப்பாடு, கையெழுத்து. கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். நானும் அப்படித்தான் படித்தேன். கெமிஸ்ட்ரியில் ரேங்க் வாங்கியது சும்மா இல்லை.

ஜூன் 28, சனி

சனிக்கிழமை அரை நாளில் இதுவரை அபாகஸ் நடந்தது. அதை எடுத்துவிட்டு 'ஆக்டிவிட்டி' என்று போட்டிருக்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு மிஸ் வந்திருக்கிறார், பெனடிக்டா என்று பெயர். பை கொண்டுபோக வேண்டாமாம்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். தர்ஷித் அம்மா, "விளையாட எங்க வீட்டு மாடியே போதும், அதுக்கு ஃபீஸ் எதுக்கு" என்று போட்டார். நான் கட்டைவிரல் போட்டேன். பெனடிக்டா மிஸ் என்ன படித்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூலை 5, சனி

"அம்மா, வீட்ல இருந்து ஒரு பொருள் கொண்டு வரணுமாம். அது பேசுமாம்."

"பொருள் எப்படிடி பேசும்?"

"நாம பேச வைக்கணும். மிஸ் ஒரு போர்வையைக் கொடியில போட்டுடுவாங்க. நாங்க பின்னாடி உக்காந்துக்கணும். பொருள் மட்டும்தான் மேல தெரியும்."

ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு யோசிக்கிறேன் என்றாள். மூன்றாம் வகுப்பில் பெருக்கல் முழுக்க முடித்தாக வேண்டும். இவர்கள் டம்ளரைப் பேச வைக்கிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி

ஏழாம் வாய்ப்பாட்டில் திரும்பத் திரும்ப அதே இடத்தில் நிற்கிறாள். அழுகை. பிறகு தேங்காய் எண்ணெய் தடவித் தூங்க வைத்தேன். குழந்தைத் தோல், சீக்கிரம் கன்றிவிடுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

தோசைத் திருப்பியைக் காணோம். அடுப்படி முழுக்கத் தேடிவிட்டேன். கரண்டியால் திருப்பி எல்லா தோசையும் பிய்ந்தது. சாயங்காலம் ஜவகர் பஜாரில் புதுசு வாங்கி வந்தேன், மரக் கைப்பிடி போட்டது.

ஜூலை 19, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

கேட்டில் பெனடிக்டா மிஸ் எனக்காகக் காத்திருந்தார். என்னைவிடச் சின்னவராக இருப்பார் போல. காட்டன் புடவை, தோளில் அந்தப் போர்வையை மடித்துப் போட்டிருந்தார்.

"நிதன்யா பேசுறாங்கம்மா."

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும். போர்வைக்குப் பின்னாடி இருந்து. நல்லா, சத்தமா. பசங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க, யாரு இதுன்னு."

நான் அங்கேயே, அத்தனை பேர் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்த இடத்தில், அழுதுவிட்டேன். ஐந்து வருடம். ஒரு போர்வை போதுமாயிருந்திருக்கிறது.

எப்படி என்று கேட்டேன். "அவ பேசினா எல்லாரும் அவளைப் பாப்பாங்கல்ல, அதுதான் அவளுக்குப் பயம். இப்ப பேசுறது அவ இல்லையே, பொருள்தானே. தப்பாச் சொன்னாலும் அந்தப் பொருள் சொன்னதுதான். கொஞ்ச நாள் போனா போர்வையை இறக்கி இறக்கி, கடைசியில எடுத்துடலாம். அவசரப்படக் கூடாது."

"என்ன பொருள்ங்க மிஸ்? என்ன பேசுறா?"

அவர் போர்வையை மறு தோளுக்கு மாற்றினார். அடுத்த மாதம் பெற்றோர் வரும் நாளில் நேரிலேயே கேட்கலாம் என்றார். அப்புறம், "வீட்ல பாடம் யாரு சொல்லிக் குடுக்குறது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். எம்.எஸ்ஸி. என்பதையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் நிதுவின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 24, வியாழன்

அத்தைக்கு நானே போன் செய்து சொன்னேன். "பேசுறாளா, என்னமோ போ" என்றார். அவருக்கு அது பெரிய சந்தோஷம்.

ஆகஸ்ட் 6, புதன்

சாதாரண வகுப்பிலேயே "ப்ரசென்ட் மிஸ்" என்றாளாம். பெஞ்சுக்கு அடியில் ரப்பரைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் சொல்வது போலச் சொன்னாளாம். கோமதி மிஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த பெயருக்குப் போய்விட்டாராம். அவரே போன் செய்து சொன்னார். "நான் கண்டுக்கிட்டா நின்னுருமோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தார்.

கேசரி செய்தேன். நிது மூன்று கிண்ணம் சாப்பிட்டாள்.

குழுவில் தர்ஷித் அம்மாகூட மாறிவிட்டார். எந்த நாளும் எழுப்ப முடியாத பையன் சனிக்கிழமை மட்டும் தானே எழுந்து குளித்துவிட்டு நிற்கிறானாம். "என்ன மாயமோ தெரியலீங்க நிது அம்மா" என்கிறார்.

நேரம் பார்த்துப் பாடத்தையும் கெட்டியாக்கிவிட வேண்டும். சாயங்காலம் இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பெற்றோர் நாள். அவரும் பட்டறையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். மாடி ஹாலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். முன்னால் கொடி கட்டி, நீலக் கட்டம் போட்ட அந்தப் போர்வை. பிரின்சிபால் சார் முதல் வரிசையில்.

முதலில் டிவி ரிமோட் வந்தது. "என்னைப் புடுங்கிப் புடுங்கியே அப்பாவும் அம்மாவும் சண்டை போடறாங்க. எனக்குப் பேட்டரியே கிடையாது, அது யாருக்கும் தெரியாது" என்றது. தர்ஷித். ஹாலே சிரித்தது. தர்ஷித் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்து ஒரு அறுந்த செருப்பு. பிறகு ஒரு குடை, மழை வராததால் கோபமாக இருந்தது.

பிறகு எங்கள் தோசைத் திருப்பி மேலே வந்தது.

நுனி கறுத்து, இடது ஓரம் நெளிந்த திருப்பி. எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். அது பேச ஆரம்பித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். நிதுவின் குரல்தான். ஆனால் பேச்சு என்னுடையது. நான் இழுக்கிற இடத்தில் இழுத்தது, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தியது.

"வணக்கமுங்க. நான் தோசைத் திருப்பி. காலையில எனக்குத் தோசை வேலை. சாயங்காலம் நிதுவுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கற வேலை."

சிரித்தார்கள்.

"ஏழெட்டு என்னடி? முழிக்காத. எத்தன தடவ சொல்றது? நான் படிச்ச படிப்புக்கு எனக்கு இப்படி ஒண்ணு வந்து பொறந்திருக்குது பாரு. கையை நீட்டு."

கொஞ்சம் பேர் மட்டும் சிரித்தார்கள்.

"தோசையை ரெண்டு பக்கமும் திருப்பணும். நிதுவுக்கு ஒரு பக்கம் போதும். சூடா இருக்கும்போது இல்லீங்க, ஆறுனதுக்கு அப்புறம்தான். என் மேல தப்பில்லீங்க. எனக்குக் கையே கிடையாது. யாராச்சும் புடிச்சாத்தான் நான் போவேன்."

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. பெனடிக்டா மிஸ்தான் முதலில் கை தட்டினார், பிறகு மற்றவர்கள். போர்வைக்குப் பின்னாலிருந்து நிது வெளியே வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, அத்தனை பேர் முன்னால் வாய் திறந்து, "அம்மா, நல்லாப் பேசுனனா?" என்று கேட்டாள். போர்வை இல்லாமல். பொருள் இல்லாமல். அந்த ஹாலில் அவள் சொந்தக் குரலில் பேசிய முதல் வார்த்தை அது.

நான் தலையைக் குனிந்து கைப்பையில் எதையோ தேடினேன்.

குழந்தைகளுக்குக் கற்பனை அதிகம். எந்த வீட்டில்தான் இல்லை. தர்ஷித் வீட்டில் பெல்ட்டே உண்டு, எனக்குத் தெரியும். அவன் சாமர்த்தியமாக ரிமோட்டைக் கொண்டுவந்தான்.

வெளியே வரும்போது மிஸ் அதை ஒரு துணிப்பையில் போட்டு, "உங்களுதுங்கம்மா" என்று நீட்டினார். வீட்டில் புதுசு ஒன்று இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவர் காலை முழுக்க ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடும்போது மட்டும், "எத்தனை நாளா?" என்றார்.

"எது?"

"ஒண்ணுமில்ல. ரசம் ஊத்து."

ஆகஸ்ட் 25, திங்கள்

பள்ளிக்குப் போய் பிரின்சிபால் சாரைப் பார்த்தேன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைகளில் நிதுவை மட்டும் தனியாக உட்கார வைத்துக் கணக்குச் செய்யச் சொல்லுங்கள், பாடம் பின்தங்குகிறது என்றேன். வேறு எதுவும் நான் ஆரம்பிக்கவில்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்த மிஸ் பசங்ககிட்ட வீட்டு விசயமெல்லாம் கேட்டு வாங்கறாங்களா? உங்க பாப்பாகிட்ட அப்படி ஏதாச்சும் கேட்டாங்களா?"

"ஆமாங்க சார்" என்றேன்.

வீட்டில் பாடம் யார் சொல்லித் தருகிறார்கள் என்று என்னிடம் கேட்டாரே. அதுவும் வீட்டு விஷயம்தானே.

"நல்ல வேளை வந்து சொன்னீங்க" என்று டீ வரவழைத்தார்.

ஆகஸ்ட் 30, சனி

குழுவில் அறிவிப்பு. பெற்றோர் புகாரின் பேரில் சனிக்கிழமை ஆக்டிவிட்டி வகுப்பு நிறுத்தப்படுகிறது. மூன்றாம் வகுப்பிலிருந்தே 'ஃபவுண்டேஷன்' வகுப்பு தொடங்கும், வெளியிலிருந்து ஒரு கோச்சிங் நிறுவனம் வந்து நடத்தும், விருப்பமுள்ளவர்கள் மட்டும் அல்ல, அனைவரும் சேர வேண்டும்.

நான் நிதுவுக்கு மட்டும்தான் கேட்டேன்.

தர்ஷித் அம்மா தனியாக அனுப்பியிருந்தார்: "யாருங்க அந்தப் புண்ணியவதி? இவன் காலையில இருந்து கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான்." எனக்கும் தெரியலீங்க என்று பதில் போட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெனடிக்டா மிஸ் போன் செய்தார். எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

"நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கலம்மா. கொண்டு வந்த பொருள் என்ன பேசணும்னு புள்ளைங்கதான் முடிவு பண்ணுவாங்க. உங்ககிட்ட முன்னாடியே தனியா வந்து சொல்லியிருக்கணும். அது என் தப்புதான். அந்த சந்தோஷத்தை நீங்க நேர்ல பாக்கட்டும்னு நினைச்சேன்."

நான் அடுப்பைக் குறைத்தேன்.

"அவ உங்களை மாட்டி விடணும்னு செய்யலம்மா. அவளுக்கு நல்லாத் தெரிஞ்ச குரல் அது ஒண்ணுதான். பேச பயமா இருக்கும்போது தெரிஞ்ச குரலைத்தான எடுத்துப்பாங்க?"

"என் பொண்ணை எனக்குத் தெரியுங்க மிஸ்."

"தெரியும்மா. ஒண்ணே ஒண்ணு. இனி அவ பேசலைன்னா, பேசச் சொல்லாதீங்க. பக்கத்துல சும்மா உக்காந்திருங்க."

வைத்துவிட்டேன். துவைத்த துணி எல்லாம் மாடியில் கிடந்தது, மழை தூறியது. ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

செப்டம்பர் 6, சனி

முதல் ஃபவுண்டேஷன் வகுப்பு. நீல டீ-ஷர்ட் போட்ட ஒரு பையன் மைக்கில் கணக்குச் சொல்லித் தருகிறான். ரோட்டு வரைக்கும் கேட்கிறது. நிதுவைக் கூப்பிட்டு வரும்போது ஸ்கூட்டியில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன். முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

செப்டம்பர் 17, புதன்

அட்டெண்டன்ஸுக்கு மறுபடி கையைத் தூக்குகிறாளாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி. லீவு முழுக்க வீட்டில்தான் இருந்தோம். எந்தத் தொந்தரவும் இல்லை. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, எழுதச் சொன்னதை எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எட்டாம் வாய்ப்பாட்டை ஒரு பிழையில்லாமல் எழுதிக் காட்டினாள். சொல்லச் சொன்னால் மறுபடியும் எழுதுகிறாள்.

அத்தைகூடச் சொன்னார், "இப்பத்தான் புள்ள அடக்கமா இருக்குது."

குளியலறையில் வாளிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

அவர் தீபாவளிக்குத் துணி எடுக்க எங்களை அழைத்துக்கொண்டு போனார். எந்தக் கலர் வேண்டும் கண்ணு என்று நிதுவைக் கேட்டார். அவள் பச்சையைத் தொட்டாள். "வாயில சொல்லு சாமி, அப்பா வாங்கித் தர்றேன்" என்றார். கடைக்காரர் அடுத்த துணியைப் பிரித்துப் போட்டார். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் பச்சையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

வரும் வழியில் வண்டியை நிறுத்தி, திரும்பாமலே, "அந்த மிஸ் நம்பர் இருக்குதா?" என்றார். இருந்தது. அடித்துப் பார்த்தார். உபயோகத்தில் இல்லை என்று வந்தது. கோமதி மிஸ்ஸிடம் கேட்டதற்கு, ஊரைவிட்டுப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்றார்.

அக்டோபர் 18, சனி

அவர் ஒரு போர்வையை ஹாலில் கட்டினார். சின்னப் பையன் மாதிரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பட்டறை ஸ்பேனரைப் போர்வைக்கு மேலே தூக்கி, "நாந்தான் ஸ்பேனரு, எனக்கு ஊரெல்லாம் நட்டு" என்று என்னவோ பேசினார். நன்றாகவே பேசினார். நிது என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய், போர்வையை அவிழ்த்து, ஓரம் பார்த்து மடித்து, பீரோவில் வைத்தாள்.

நவம்பர் 4, செவ்வாய்

வாசிப்புத் தேர்வு. 'மழை வந்த நாள்' என்ற பாடம். கோமதி மிஸ் மூன்று முறை தனியாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். உதடு அசைகிறது, சத்தம் இல்லை.

"பிரின்சிபால் சார் வெள்ளிக்கிழமைக்குள்ள மார்க் கேக்கறாருங்க. பூஜ்யம் போட்டா டீசியைத்தான் கையில குடுப்பாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு பண்ணுங்க. வீட்ல அவளைப் படிக்க வெச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. அதைக் கேட்டு நான் மார்க் போட்டுடறேன். வீட்லதான் பேசுவாளே" என்றார்.

சரிங்க மிஸ் என்றேன்.

நவம்பர் 5, புதன்

போனில் ரெக்கார்டைப் போட்டு மேஜையில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசச் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். நிது புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக் கடைசி வரி வரைக்கும் போனாள். போட்டுக் கேட்டேன். மின்விசிறிச் சத்தம். நடுவில் ஒரு முறை பக்கம் புரளும் சத்தம்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நவம்பர் 6, வியாழன்

நானே படித்தேன்.

முதலில் சரியாக வரவில்லை, என் குரலாகவே இருந்தது. இரண்டு மூன்று முறை அழித்தேன். அவள் எப்படிப் பேசுவாள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஸ்கூட்டியில் என் முதுகுக்குப் பின்னால் வருமே, அது. மூக்கால் கொஞ்சம் இழுப்பாள், 'மழை' என்பதில் கொஞ்சம் அழுத்துவாள், மூச்சு முட்டினால் நடுவில் நிறுத்துவாள். பிடித்துக்கொண்டேன். நிது பக்கத்தில்தான் இருந்தாள். முதல் பக்கம் முடிந்ததும் நான் கேட்காமலே அடுத்த பக்கத்தைப் புரட்டி, வரி ஆரம்பிக்கும் இடத்தில் விரலை வைத்தாள்.

அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

வாசிப்பில் பத்துக்குப் பத்து. 'தெளிவான உச்சரிப்பு. வீட்டுப் பயிற்சி தொடரட்டும்' என்று சிவப்பு மையில் எழுதி, ஒரு நட்சத்திரம் ஒட்டியிருக்கிறார்கள்.

கோமதி மிஸ் போன் செய்தார். வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாராம். நிதன்யாவுக்கு எவ்வளவு நல்ல குரல் என்று பிள்ளைகள் கை தட்டினார்களாம். தர்ஷித் திரும்பவும் போடச் சொன்னானாம்.

"நிது என்ன பண்ணுனாங்க மிஸ்?"

"எந்திரிச்சு நின்னா. எல்லாரும் தட்டி முடிக்கற வரைக்கும் நின்னுட்டுத்தான் உக்காந்தா. நல்ல பழக்கங்க."

பிரின்சிபால் சாருக்கும் திருப்தியாம். இனி மாதம் ஒரு பாடம் இப்படியே அனுப்பினால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த பாடம் பெரியது, நடுவில் பாட்டு வேறு இருக்கிறது. தொண்டை கட்டியிருக்கிறது. மிளகுப் பால் போட்டுக் குடிக்க வேண்டும்.